தியானச் சுரூபம் (அன்டாக்ட்ஸ்பில்ட்)

'அன்டாக்ட்ஸ்பில்ட்' என்பது தனிச் செபத்துக்கான உருவத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல். அதைத் தமிழில் 'பக்திப் படம்' என்று மொழிபெயர்த்தால் இரண்டு இடத்தில் சறுக்கும். 'பில்ட்' வரைந்த படத்துக்கும் செதுக்கிய உருவத்துக்கும் பொதுவான சொல். இங்கே பேச்சு பெரும்பாலும் மரச் சிற்பத்தைப் பற்றியது. 'அன்டாக்ட்' என்பது 'நினை' என்னும் பொருளுள்ள 'டெங்கன்' என்ற வினைக்கு உறவு. ஒன்றின்மேல் நினைவை ஊன்றி நிற்பதே அதன் வேர்ப்பொருள். ஆகவே பக்தியைவிடத் தியானம் நெருக்கமானது. சிலை என்பதைவிட, தமிழ்க் கத்தோலிக்கர் நாளும் புழங்கும் 'சுரூபம்' பொருத்தமானது.

கதை சொல்லும் சிற்பத்தில் ஆட்கள் பலர் இருப்பார்கள். தியானச் சுரூபமோ ஒரு கணத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கண்முன் வைக்கும். 1300க்குச் சற்று முன் கான்ஸ்டன்ஸ் நகரச் சிற்பி ஹைன்ரிக், சுவிட்சர்லாந்தின் காத்தரினென்டால் கன்னியர் மடத்துக்காக அக்ரூட் (வால்நட்) மரத்தில் ஒன்று செதுக்கினார். இராவுணவு மேசை இல்லை, மற்றச் சீடர்கள் இல்லை. இயேசுவின் மார்பில் தலைசாய்த்து உறங்கும் யோவான் மட்டும். இன்று அது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் இருக்கிறது.

இவ்வகையில் பெயர்பெற்றது, இறந்த மகனை மடியில் ஏந்திய மாதாவைக் காட்டும் 'ஃபெஸ்பர்பில்ட்': மாலைச் செபவேளையின் சுரூபம். இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கியதை நினைக்கும் வேளை அது. இத்தாலியப் பெயர் 'பியெட்டா'. 'பியெத்தாஸ்' என்ற லத்தீனின் வழிவந்தது, இரக்கம் என்று பொருள். நம் சிலுவைப்பாதையின் பதின்மூன்றாம் நிலையில் 'மாதாவின் மடியில் வளர்த்துகிறார்கள்' என்று செபிப்பது இக்காட்சியைத்தான். நற்செய்தி நூல்களில் இது இல்லை. பொதுவாக 'வியாகுல மாதா' என்று மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பெயரில் மகனில்லாத சுரூபங்களும் உண்டு. 'மடியில் மகனேந்திய வியாகுல மாதா' என்றால் தெளிவு.

ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்திலுள்ள ரோட்கென் பியெட்டா 14ஆம் நூற்றாண்டினது, சுமார் 89 செ.மீ. உயரம். மகனின் உடல் விறைத்து, விலா எலும்புகள் துருத்தி, தலை பின்னால் தொங்குகிறது. காயங்களில் இரத்தம் திராட்சைக் கொத்துபோலப் புடைத்து நிற்கிறது.

இவற்றுக்குப் பெரும்பாலும் லிண்டன் மரம். முதுகுப்புறத்தைக் குடைந்துவிடுவார்கள், நடுவைரத்தை விட்டுவைத்தால், மரம் காயும்போது சுற்றளவில் அதிகம் சுருங்கி முன்பக்கம் வெடிக்கும். பிறகு இணைப்புகளில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைப் பல அடுக்காகப் பூசி, அதன்மேல் வண்ணம். காற்றின் ஈரம் ஏறியிறங்கினால் மரம் அசையும், பூச்சு அசையாது. அங்கேதான் வண்ணம் செதிலாக உரியும்.

தனிச் செபத்துக்கானது என்பதால் வீட்டில் இருந்தது என்று கொள்ளக் கூடாது. பல, மடத்துக் கோயில்களில் நின்றவை. தனியாக இருந்தது, எதிரே நின்று பார்ப்பவரின் செபம். மைக்கேலாஞ்சலோவின் பளிங்குப் பியெட்டா ஒரு பிரெஞ்சுக் கர்தினாலின் கல்லறைக்காகச் செய்தது. அதைப் பியெட்டா என்றே எழுதுங்கள், 'தியானச் சுரூபம்' என்ற சொல்லை அதற்கு நீட்ட வேண்டாம்.