முதலில் எந்த ஃபோல்டரை மீட்பது?

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். டிஸ்க் மேசைக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதில் உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது எது?" என்பதுதான். அடிபட்ட டிஸ்க் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படிக்கப் படிக்க இன்னும் மோசமாகலாம். அதனால் முக்கியமானதைத்தான் முதலில் எடுக்கப் பார்ப்போம்.

போன வாரம் வந்தவரிடம் இதற்குப் பதில் இல்லை. கைதவறி விழுந்த 2 டெராபைட் டிஸ்க். மகள் பிறந்த வருடத்துப் படங்கள் வேண்டுமாம். எங்கே இருக்கின்றன என்றால், "நியூ ஃபோல்டர்னு ஒண்ணுல இருக்கும் சார்." அந்தப் பெயரில் நாற்பதுக்கு மேல் இருந்தன. உள்ளே இலவச மின்னூல்கள், இலவச எழுத்துருக்கள், இலவசப் பாட வீடியோக்கள், இறக்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாத ஜிப் கோப்புகள். படங்களில் பாதிகூடத் தேறவில்லை. செய்தியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அந்த புக்ஸ் எல்லாம் வருமா?"

இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் இறக்கிக் குவிக்கும் இந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "காசா பணமா, இடம் இருக்கு, கிடந்துட்டுப் போகட்டுமே." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

கிடக்கட்டும் என்று விட்டது சும்மா கிடப்பதில்லை, உங்கள் பேக்கப்பை, அதாவது பாதுகாப்புக்காக எடுத்துவைக்கும் இன்னொரு பிரதியை, கெடுக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் குடும்பப் படங்களும் ஆவணங்களும் 20 ஜிபி என்று வையுங்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் இன்னொரு டிஸ்க்குக்குப் போக நான்கு நிமிடம்கூட ஆகாது. அதையே 1.8 டெராபைட் குவியலோடு சேர்த்து எடுத்தால் 5 மணி நேரம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய என்றால் இன்னும் இழுக்கும். கிளவுடில் ஏற்றலாம் என்றால், நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 8 நாளுக்கு மேல். யார் செய்வார்கள்? "ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிச்சு வைக்கணும்" என்று தள்ளிப்போடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வராமலேதான் டிஸ்க் என்னிடம் வருகிறது.

இன்னொரு கணக்கு. 4,000 மின்னூல்கள் வைத்திருப்பவர் வாரத்துக்கு ஒன்று படித்தால் முடிக்க 76 வருடத்துக்கு மேல் ஆகும். அதிலும் ஒரே புத்தகம் (1), (2), (3) என்று வால் முளைத்து நிற்கும். ஏற்கெனவே இறக்கியதே மறந்துபோய் மறுபடி இறக்கியதன் தடயம் அது.

வேண்டும்போது மறுபடி இறக்கலாமே என்றால், "நாளைக்குத் தளத்தையே மூடிட்டா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆளாளுக்கு இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் தளத்தை 2009இல் மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. அரிதான ஒன்று கிடைத்தால் நானும் வைத்துக்கொள்வேன், இரண்டு பிரதியாக. ஆனால் நீங்கள் குவித்திருப்பதில் பெரும்பகுதி அரிதானதா? 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் என்ற மின்னூலகத்தில் 70,000க்கு மேற்பட்ட நூல்கள் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே இருப்பதை இங்கே ஒற்றை டிஸ்க்கில் காவல் காக்க வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது. முதலில் எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் எடுத்த படங்கள், எழுதியவை, ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், இவற்றை மட்டும் தேடி ஒரே ஃபோல்டரில் போடுங்கள். அதற்கு இன்றே பேக்கப் எடுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அதன்பிறகு மிச்சத்தைப் பாருங்கள். மறுபடி தேடினால் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அழித்துவிடுங்கள். வகை பிரித்து, பெயர் மாற்றி அடுக்க உட்காராதீர்கள். அதுவும் சேர்க்கிற வியாதியின் இன்னொரு முகம்தான். இனிமேல் இறக்குவதை அன்றைக்கே திறந்து பாருங்கள். திறக்க நேரமில்லை என்றால் இறக்கவும் வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதைப் பூட்டு உடைத்துத் தரும் 'இலவச' கிராக் மென்பொருள் பக்கமே போகாதீர்கள். பிடிஎஃப் என்று நினைத்துத் திறந்தது கடைசியில் எக்ஸ்இ கோப்பாக, அதாவது திறந்ததும் ஓடும் நிரலாக, இருந்து மாட்டியவர்களும் வருகிறார்கள். கோப்புப் பெயரின் கடைசி வாலை (.pdf, .exe போன்றவை) விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவைக்கும், அமைப்பில் போய் அதைத் தெரியவையுங்கள்.

அழிக்கவே கை வரவில்லை, நினைத்தாலே படபடக்கிறது என்பவர்களை நான் திட்டமாட்டேன். பொருட்களைக் குவிக்கும் கோளாறு 2013இலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. டிஸ்க்கில் குவித்து வைப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து. டிஸ்க் விழுந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், அதாவது சேமிக்காதீர்கள். இலவச மீட்பு மென்பொருள் ஒன்றைத் தேடி, அதே டிஸ்க்கில் இறக்கி, போன கோப்பின் மேலேயே அதை எழுதிவிட்டு வருகிறீர்கள். இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர்.