சம்புல பாதி தண்ணி எங்க போச்சு?

காட்பாடி பக்கம் வீடு கட்டும்போது, தரைக்கு அடியில தண்ணி சேக்கற தொட்டி, அதான் சம்பு, அதுக்கு மேஸ்திரி சொன்னாரு, "எட்டுக்கு ஆறரை பள்ளம், அஞ்சடி ஆழம், ஏழாயிரம் லிட்டர் தாராளமா புடிக்கும் சார்." நானும் போன்ல போட்டு பாத்தேன், 8 × 6.5 × 5 = 260 கன அடி, ஒரு கன அடிக்கு சுமாரா 28.3 லிட்டர், அப்போ 7,358. சரியாத்தான இருக்குன்னு விட்டுட்டேன். வேலூர் வெயிலுக்கு அவ்ளோ தண்ணி கீழ கெடக்குதுன்னா ஒரு தெம்பு தான். ஆனா சம்ப ஃபுல் பண்ணிட்டு மோட்டார் போட்டா ஏழாயிரத்துல பாதி தான் மேல ஏறுச்சு.

கணக்குல தப்பில்ல, அளவுல தான் தப்பு. அவர் சொன்னது தோண்டின பள்ளத்தோட அளவு, தண்ணி நிக்கிறது சுவத்துக்கு உள்ள தான. ஒம்போது இன்ச் சுவரு ரெண்டு பக்கமும் வந்தா ஒன்றரை அடி போச்சு, அதனால 8 அடி 6.5 ஆச்சு, 6.5 அடி 5 ஆச்சு. அடியில காங்கிரீட் அரை அடி, மேல ஓவர்ஃப்ளோ பைப் அரை அடி கீழயே வெச்சதால ஆழம் 4 அடி தான். 6.5 × 5 × 4 = 130 கன அடி, 3,679 லிட்டர். ஒவ்வொரு பக்கமும் குறைஞ்சது என்னமோ அஞ்சுல ஒரு பங்கு மாதிரி தான், மூணையும் பெருக்கும்போது மொத்தத்துல சரிபாதி காலி. பெருக்கல்னா அப்டித்தான், ஏமாத்திடும்.

ஏன் மூணையும் பெருக்கறோம்னு பொண்ணு கேட்டா. குடியாத்தம் தீப்பெட்டிய வெச்சு காட்டினேன். அட்டைப்பெட்டிக்குள்ள அடி வரிசைய அடுக்கினா நீளத்துக்கு 6, அகலத்துக்கு 4, ஆக 24. அதே மாதிரி 5 அடுக்கு ஏத்தினா 120, அவ்ளோதான் கன அளவு. அதையே திருப்பி கேட்டேன், மொத்தம் 120 இருக்கு, அடி அடுக்குல 24, எத்தன அடுக்குமா? வகுத்து 5ன்னு சொல்லிட்டா. மூணு பக்கத்துல ஒண்ணு தெரியாம போனா இதே தான் வழி, தெரிஞ்ச ரெண்ட பெருக்கி மொத்தத்த அதால வகுக்கணும், வேற ஃபார்முலா எதுவும் மனப்பாடம் பண்ண வேணாம்.

இத பள்ளம் தோண்டறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும் நான். 6,000 லிட்டர் வேணும்னா 28.3 ஆல வகுத்து 212 கன அடி. உள் தரை 6.5 × 5 = 32.5 சதுர அடி, 212 ஐ அதால வகுத்தா தண்ணி ஆழம் மட்டும் ஆறரை அடி, மேல கீழ அரை அரை அடி சேத்து ஏழரை அடி தோண்டணும். எங்க தெருவுல அஞ்சடிக்கு கீழ பாறை, பிரேக்கர் வெச்சு ஒடைக்கணும், செலவு தாங்காது. அப்போ ஆழத்த 4லயே விட்டுட்டு நீளத்த தேடணும்: 212 ÷ 4 = 53, அத அகலம் 5 ஆல வகுத்தா 10.6 அடி, சுவத்துக்கு ஒன்றரை சேத்தா பள்ளம் 12 அடிக்கு கொஞ்சம் மேல. எடம் இருந்துச்சு, இப்போ அங்க கார் நிக்குது.

இப்போ எனக்கு அந்த 32.5 மட்டும் போதும். அத 12 ஆல வகுத்து 28.3 ஆல பெருக்கினா, சம்புல ஒரு இன்ச் தண்ணி ஏறினா கிட்டத்தட்ட 77 லிட்டர். போன சித்திரைல 3,000 லிட்டர்னு சொல்லி டேங்கர் வந்துச்சு, தண்ணி 3 அடி 3 இன்ச் ஏறணும். இன்ச் கோடு போட்ட சவுக்கு கம்ப உட்டு பாத்தேன், 2 அடி 9 இன்ச் தான், அதாவது சுமாரா 2,530 லிட்டர். "இன்னா சார், கம்பெல்லாம் வெச்சினு கீறீங்க"ன்னாரு டிரைவர். பேரம் பேசி முந்நூறு ரூபா கொறச்சிட்டு தான் அனுப்பினேன்.