பொறுப்புக்கூறலா, பொறுப்பேற்பா?

சத்துவாச்சாரி மண்டபம் ஒன்றில் முதலீட்டாளர் விழிப்புணர்வுக் கூட்டம். திரையில் தலைப்பு: 'பங்குச் சந்தையில் செயற்கை நுண்ணறிவின் பொறுப்புக்கூறல்'. பக்கத்தில் இருந்த மண்டி வியாபாரி என் காதருகே குனிந்தார். "யார் சார் கூறுவது, கம்ப்யூட்டரா?"

அக்கவுன்டபிலிட்டிக்குத் தமிழாக 'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லை இந்த மாதம் நான் கேட்பது நான்காவது முறை.

'பொறு' என்றால் சுமப்பது, தாங்குவது, அதிலிருந்து பொறுப்பு. ஆங்கிலத்தின் அக்கவுன்டபிலிட்டி கணக்கு எண்ணுவதிலிருந்தும், லயபிலிட்டி கட்டுண்டு இருப்பதிலிருந்தும் வந்தவை. முன்னது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நிலை. பின்னது நட்டத்தைச் சட்டப்படி ஈடுகட்ட வேண்டிய நிலை. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

பொறுப்புக்கூறல் இலங்கைத் தமிழில் வேரூன்றிய சொல். போர்க்கால நிகழ்வுகளுக்கு அரசு வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையில் அதற்கு வலு உண்டு. சந்தையில் கூறினால் மட்டும் போதுமா? காரணம் கூற இன்று மென்பொருளுக்கே தெரியும், அதுவும் பக்கம் பக்கமாக. பணத்தை எண்ணி வைப்பது யார்? போதாக்குறைக்கு, தலைப்பில் 'நுண்ணறிவின்' என்று வரும் அந்த 'இன்' உருபு, பொறுப்பையே இயந்திரத்தின் உடைமையாக்கிவிடுகிறது. மண்டியில் எடை குறைந்தால் தராசின் சட்டையையா பிடிக்கிறோம்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி, தரகர் போன்ற இடைநிலையாளருக்கான தன் விதிமுறைகளைத் திருத்தியது. கருவியைத் தானே செய்திருந்தாலும் வெளியே வாங்கியிருந்தாலும், அது தரும் விடைக்கும் முதலீட்டாளர் தரவின் பாதுகாப்புக்கும் அதைப் பயன்படுத்தும் நிறுவனமே முழுப் பொறுப்பு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனத்தில் தானியங்கி மென்பொருள் தறிகெட்டு ஓடி, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை. மறு ஆண்டு 1.2 கோடி டாலர் அபராதம் கட்டியது நிறுவனம்தான்.

ஆகவே அக்கவுன்டபிலிட்டிக்குப் 'பொறுப்பேற்பு' என்பேன். லயபிலிட்டிக்குக் 'கடப்பாடு' என்பாரும் உண்டு. குறளில் கடப்பாடு மாரியைப் போலக் கைம்மாறு வேண்டாதது. வழக்காடி வாங்கும் இழப்பீட்டுக்கு அந்த ஈரம் எதற்கு? 'ஈடுசெய் பொறுப்பு' நீளம்தான், ஆனால் பொருள் மயங்காது. வணிகவியல் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைக்கே, இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகளுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் 'பொறுப்புகள்' கொடுக்க வேண்டிய பணம் என்று தெரியும்.

'ரிஸ்க்' வந்த இடமெல்லாம் 'அபாயம்' என்று போடுகிறார்களே, அது இன்னொரு எரிச்சல். டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதும் சொல் அது. தெரிந்தே எடுக்கும் துணிச்சலுக்கு 'இடர்' இருக்கிறது.

கூட்டத்தில் கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் 'பொறுப்புத் துறப்பு' என்று பிழையின்றி அச்சாகியிருந்தது. துறக்க மட்டும் நல்ல தமிழ் கிடைத்திருக்கிறது. கருத்துப் படிவத்தில் 'பொறுப்பேற்பு' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய பெண் படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்துப் பிழையா சார்?" என்றார்.