வேதம், மறை, ஓத்து: ஒரு சொல்லுக்குள் இரண்டு நம்பிக்கைகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் 'வேதக்காரர்' என்றால் கிறிஸ்தவர். 'வேதக்கோயில்' என்றால் தேவாலயம். 'அவை வேதத்துக்கு மாறிட்டினம்' என்றால் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள் என்று பொருள். இருக்கு, யசுர் முதலான நால்வேதம் அந்தப் பேச்சில் நினைவுக்கே வராது. அதே வன்னியில், நீராவிப்பிட்டியிலோ சாளம்பைக்குளத்திலோ ஒரு முஸ்லிம் பெரியவரிடம் 'எங்கட வேதம்' என்ற பேச்சு வந்தால் அது குர்ஆன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகும் சைவருக்கோ வேதம் என்பது தேவாரம் போற்றும் அந்த நான்குதான்.

மூன்று சமயத்தாரும் ஒரே சொல்லைத் தங்கள் சொல்லாக வைத்திருப்பது எனக்குப் பெரிய செல்வமாகப் படுகிறது. ஆனால், சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும். இஸ்லாத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுப் பேசும்போது அந்தச் சிக்கல்தான் அடிக்கடி வருகிறது.

'வேதம்' வடசொல். 'வித்' என்ற அடி. அறிதல் என்று பொருள். வித்தை என்ற சொல்லும் அதே அடியில் பிறந்ததுதான். ஆக, வேதம் என்றால் அறிவு. நூல் என்ற பொருளோ எழுத்து என்ற பொருளோ அந்தச் சொல்லின் வேரில் இல்லை. குறுந்தொகைப் பாடலொன்று பார்ப்பன மகனைப் பார்த்து 'எழுதாக் கற்பு' என்று சொல்வது இதனால்தான்: எழுதிப் படிக்காமல், காதால் கேட்டு வாயால் சொல்லிக் காத்த கல்வி.

இந்தச் சொல் கிறிஸ்தவர்களிடம் எப்படிப் போனது? தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வந்தது. அதன் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. கடவுளுக்குத் 'தம்பிரான்' என்ற சைவ வழக்கையே எடுத்துக்கொண்டார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, ஊரில் மதிப்புப் பெற்ற சமயச் சொற்களைக் கொண்டே புதிய சமயத்தைச் சொல்ல வேண்டும் என்ற வழியை இன்னும் ஆழமாக்கினார். பிறகு வந்த வீரமாமுனிவர் எழுதிய நூலொன்றின் பெயர் 'வேதியர் ஒழுக்கம்'. அதுவரை வேதியர் என்றால் அந்தணர். அவர் நூலில் வேதியர் என்பது மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் ஊழியர். புரொட்டஸ்தாந்தர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். திருமூலர் வேதத்தையும் ஆகமத்தையும் இறைவன் நூல் என்று சொல்லி, ஒன்றைப் பொது என்றும் மற்றதைச் சிறப்பு என்றும் பிரித்தார். அந்த இரண்டையும் ஒட்டவைத்து 'பரிசுத்த வேதாகமம்' என்று பைபிளுக்குப் பெயர் வைத்தாயிற்று. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1850-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சைவரின் தமிழ் இருக்கிறது.

முஸ்லிம்களின் வழி வேறு. குர்ஆன் யூதரையும் கிறிஸ்தவரையும் 'அஹ்லுல் கிதாப்' என்று அழைக்கிறது. 'கிதாப்' என்றால் எழுதப்பட்டது, நூல். தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் இது 'வேதத்தையுடையோர்', 'வேதக்காரர்கள்' என்று வரும். வன்னியில் சைவர்கள் கிறிஸ்தவரைக் குறிக்கச் சொல்லும் அதே 'வேதக்காரர்'! ஒரு வழக்கு ஐரோப்பியப் பாதிரிமாரிடமிருந்து வந்தது, மற்றது அரபியிலிருந்து வந்தது. தமிழில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

சரி, சொல் வந்த வழி இது. அந்தச் சொல் சுட்டும் பொருள் ஒவ்வொரு நம்பிக்கையிலும் என்ன?

முஸ்லிமுக்கு வேதம் 'இறங்கியது'. தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்: வேதம் இறங்கியது, வசனம் இறங்கியது. 610 முதல் 632 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகளில், ஜிப்ரீல் என்ற வானவர் வழியாக முஹம்மது நபிக்கு அரபு மொழியில் சொல்லுக்குச் சொல் அருளப்பட்டது குர்ஆன். அதில் நபியின் சொந்த வாக்கு ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. 114 சூராக்கள், அதாவது அத்தியாயங்கள். தமிழில் இருப்பதை அவர்கள் குர்ஆன் என்று சொல்வதில்லை, 'தர்ஜமா' என்பார்கள். மொழிபெயர்ப்பு என்பது அதன் பொருள். தொழுகையில் ஓதுவது அரபு மூலத்தைத்தான்.

கிறிஸ்தவருக்கு பைபிள் அப்படி இறங்கியது அன்று. கடவுளின் ஆவியால் ஏவப்பட்டு மனிதர் எழுதியது. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, கண்ணால் கண்டவர்கள் சொன்னதை நன்றாக விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறார். எபிரேயத்திலும் கொஞ்சம் அரமேயத்திலும் கிரேக்கத்திலும் பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட நூல்களின் தொகுதி அது. புரொட்டஸ்தாந்தருக்கு 66, கத்தோலிக்கருக்கு 73. 'பைபிள்' என்ற பெயரே கிரேக்கத்தில் 'நூல்கள்' என்ற பன்மைதான். தமிழில் வாசித்தாலும் அது முழுமையான வேதமே.

இந்த வேறுபாட்டை வீட்டுக்குள் பார்க்கலாம். கத்தோலிக்க வீடுகளில் பழைய பைபிளின் முன்பக்கத்து வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், கலியாண நாள் எல்லாம் பேனையால் எழுதியிருக்கும். பிடித்த வசனத்துக்குக் கீழே கோடு இருக்கும். முஸ்லிம் வீட்டில் குர்ஆன் அலுமாரியின் மேல்தட்டில், துணியில் சுற்றி இருக்கும். வுழூ எடுத்துவிட்டுத்தான், அதாவது முறைப்படி கைகால் முகம் கழுவிவிட்டுத்தான், தொடுவார்கள். அதன் பக்கத்தில் பேனை வைக்க அவர்களுக்குக் கை வராது. இரண்டும் மரியாதைதான். ஆனால் ஒன்று கடவுளின் கதையோடு குடும்பத்தின் கதையையும் சேர்த்து வைக்கும் மரியாதை. மற்றது கடவுளின் பேச்சைத் தொடுகிறோம் என்ற மரியாதை.

இதிலிருந்துதான் எனக்கு முக்கியமாகப்படும் விஷயம் வருகிறது. குர்ஆனுக்கு நிகராகக் கிறிஸ்தவத்தில் பைபிளை வைத்து ஒப்பிடுவது முழுக்கச் சரியன்று. நிகராக நிற்பவர் இயேசு. யோவான் சுவிசேஷம் 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று தொடங்கி, அந்த வார்த்தை மாம்சமானது என்று சொல்கிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'வாக்கு மனிதர் ஆனார்'. கடவுளின் வாக்கு முஸ்லிமுக்கு ஓதப்படும் வேதமாக வந்தது, கிறிஸ்தவருக்கு ஒரு மனிதராக வந்தது. பைபிள் அந்த மனிதருக்குச் சாட்சி சொல்லும் நூல். 'உங்கட வேதத்தை எழுதினது மனுசர்தானே' என்று ஒரு முஸ்லிம் இளைஞர் கேட்டால், 'ஓம்' என்று கிறிஸ்தவர் தயங்காமல் சொல்லலாம். அவருடைய நம்பிக்கை அதில் இடிந்துபோவதில்லை.

குர்ஆனும் ஈசா நபியை (இயேசுவை) 'அல்லாஹ்வின் கலிமா', அதாவது அவனது வாக்கு, என்று நான்காவது சூராவில் சொல்கிறது. ஆனால் அதே வசனம் 'மூன்று என்று சொல்லாதீர்கள்' என்றும் எச்சரிக்கிறது. 112ஆம் சூரா இறைவன் ஒருவன், பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்று நாலே வசனத்தில் முடித்துவிடுகிறது. இறைவனுக்கு இணைவைப்பது இஸ்லாத்தில் மிகப்பெரிய பாவம். கிறிஸ்தவரோ பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை ஒரே கடவுள் என்றே அறிக்கையிடுகிறார்கள். சிலுவை மரணமும் உயிர்ப்பும் அவர்களுக்கு விசுவாசத்தின் நடு. குர்ஆன் ஈசா சிலுவையில் அறையப்படவில்லை, இறைவன் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்கிறது. இவற்றைச் சொல்லால் பூசி மெழுகி ஒன்றாக்க முடியாது, ஆக்கவும் கூடாது.

ஆனால் மாதா விஷயத்தில் மனம் இளகும். முல்லைத்தீவுச் சந்தையில் இப்படி ஒரு பேச்சு நடக்கக்கூடும்:

'நானா, உங்கட வேதத்திலயும் மாதா இருக்கிறாவோ?'

'ஏன் இல்லாம அண்ணை? மர்யம் எண்டு ஒரு சூராவே இருக்கு.'

19ஆம் சூரா அது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான். அவர் கன்னியாக இருந்தே ஈசாவைப் பெற்றார் என்பதை இரண்டு சமயமும் ஏற்கின்றன. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போகும் வன்னிச் சனத்தில் பலருக்கு இது தெரியாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய பிறகு, இப்படிக் கேட்டுச் சொல்ல அயலவர் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. போருக்குப் பிறகு ஒரு பகுதியினர் புத்தளத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு மறுபடி தொடங்க வேண்டும் என்ற ஆசையும் இதை எழுத ஒரு காரணம்.

'இன்ஜீல்' பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் 'எவாங்கேலியோன்', நல்ல செய்தி. அதுதான் வேறு மொழிகள் வழியாக அரபியில் இன்ஜீல் ஆனது. தமிழில் சுவிசேஷம், நற்செய்தி. ஆக இன்ஜீலுக்கும் சுவிசேஷத்துக்கும் மூலச்சொல் ஒன்றே. பொருளோ ஒன்றன்று. இன்ஜீல் ஈசாவுக்கு இறைவன் அருளிய ஒரு வேதம் என்பது முஸ்லிம் நம்பிக்கை. மூசாவுக்கு (மோசே) தவ்ராத், தாவூதுக்கு (தாவீது) ஸபூர் போல. இன்று கையில் இருக்கும் பைபிளில் மாற்றங்கள் புகுந்துவிட்டன என்றும் கருதுகிறார்கள். கிறிஸ்தவருக்கோ சுவிசேஷம் இயேசுவுக்குக் கொடுக்கப்பட்டதன்று. இயேசுவைப் பற்றி மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நால்வர் தந்தது.

'வேதசாட்சி' இன்னும் ஆச்சரியமான சொல். 1544-இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் காலத்தில் மன்னாரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களை வேதசாட்சிகள் என்போம். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'மார்த்துஸ்'. அதன் நேர்ப்பொருள் சாட்சி. அரபியில் 'ஷஹீத்', அதுவும் சாட்சியே. ஒருவர் முஸ்லிம் ஆகும்போது சொல்லும் கலிமாவின் பெயர் 'ஷஹாதா', சாட்சியம். இந்த ஓர் இடத்தில் மூன்று மொழியும் ஒரே வாயால் பேசுகின்றன.

அப்படியானால் வேதத்துக்குச் சரியான தமிழ் எது? பொதுச்சொல் 'மறை'. தொல்காப்பியப் பாயிரமே அதங்கோட்டாசானை 'நான்மறை முற்றிய' என்று சிறப்பிக்கிறது. உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் குர்ஆனுக்கு இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். கத்தோலிக்கர், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இதை முறையாகவே எடுத்துக்கொண்டார்கள். வேதசாட்சி மறைசாட்சி ஆனார், ஆயரின் ஆட்சிப்பகுதியான மேற்றிராசனம் மறைமாவட்டம் ஆனது. பாடசாலையில் கத்தோலிக்கப் பிள்ளை படிக்கும் பாடம் 'கத்தோலிக்க திருமறை'. பக்கத்து வாங்கில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையும் குர்ஆனைத் திருமறை என்றே சொல்லும்.

குர்ஆனுக்கு மட்டும் இன்னும் நெருங்கிய ஒரு தமிழ்ச்சொல் உண்டு: ஓத்து. குர்ஆன் என்ற சொல்லின் அரபு அடிக்கு ஓதுதல் என்றுதான் பொருள். வள்ளுவர் 134ஆம் குறளில் வேதத்தை 'ஓத்து' என்கிறார். பின்னேரம் ஓதப் போகும் முஸ்லிம் பிள்ளையின் வாயில் அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. தேவாரம் பாடும் ஓதுவாரின் பெயரிலும் இருக்கிறது. கிறிஸ்தவர் பைபிளை ஓதுவதில்லை, வாசிப்பார்கள். அதற்கு 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் பெயரான 'திருவிவிலியம்' பொருந்தும், பழகிய 'வேதாகமம்' என்பதும் பொருந்தும். இரண்டு சமயத்தையும் சேர்த்து எழுதும்போது 'மறைநூல்கள்' என்று பொதுவாகத் தொடங்கி, அடுத்த வரியிலேயே குர்ஆன், விவிலியம் என்று தனித்தனிப் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. ஊர்ப் பேச்சில் 'வேதம்' இருந்துவிட்டுப் போகட்டும்.