விடிந்தால் கசக்கும் எலுமிச்சைத் தண்ணீர்

"எலுமிச்சையும் புதினாவும் போட்ட தண்ணீரை இரவு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். படுக்கும்முன் குடித்தால் அருமை, காலையில் ஒரே கசப்பு. பழம் கெட்டுவிட்டதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கெடவில்லை. அந்தக் கசப்பு இரவோடு இரவாக உங்கள் பாட்டிலுக்குள்ளேயே தயாரானது.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். பழத்தை வெட்டினால் செல்கள் கிழிந்து சர்க்கரை, அமிலம், கொஞ்சம் வைட்டமின் சி எல்லாம் தண்ணீரில் பரவுகின்றன. பள்ளியில் படித்த அதே விரவல்தான். வில்லை மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருப்பதால், கையில் வைத்து லேசாகக் கசக்கிப் போட்டால் போதும்.

சரி, கசப்புக்கு வருவோம். அதன் பெயர் லிமோனின். 1841-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். விதையில் அது நேராகவே உண்டு. ஆனால் சதையிலும் தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியிலும் பெரும்பாலும் இருப்பது லிமோனின் அல்ல, அதன் முன்னோடி, அதாவது பின்னால் லிமோனினாக மாறப்போகும் பொருள். அதற்குச் சுவையே கிடையாது. முழுப் பழத்தில் அமிலம் ஓர் அறையில், முன்னோடி இன்னோர் அறையில். கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. அமிலம் பட்டால் முன்னோடி மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டு, திறந்து கிடந்த தன் இரு முனைகளையும் வளையமாக மூடிக்கொள்கிறது. அந்த வளையம் மூடியதும் கசப்பு! இது மெதுவாக நடக்கும் வேலை. ஃபிரிட்ஜின் குளிர் அதை இன்னும் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் சேர்ந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

மரமும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பழம் முதிர முதிர, வளையம் மூட வேண்டிய அதே இடத்தில் ஒரு குளுக்கோஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் எத்தனை அமிலம் வந்தாலும் மூட முடியாது. எனக்கு இந்தத் தந்திரம் அலுக்கவே இல்லை. இதெல்லாம் தெரிய வந்ததற்கு, இதே கசப்பால் ஆரஞ்சுச் சாறு ஆலைகளுக்கு ஏற்பட்ட நஷ்டமும் ஒரு காரணம். வியாபாரத்துக்குக் கசந்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது என்பது என் பழைய புலம்பல்.

ஆகவே நன்கு பழுத்ததாகப் பாருங்கள். விதையையும் வெள்ளைப் பகுதியையும் நீக்கிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் வில்லைகளை வெளியே எடுத்துவிட்டால் கசப்பு வெகுவாகக் குறையும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு நாளுக்குள் குடித்து முடியுங்கள்.

இந்தத் தண்ணீர் உடம்பின் நச்சை வெளியேற்றுமா என்றும் அவர் கேட்டிருக்கிறார். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன. அவற்றுக்கு வேண்டியது தண்ணீர்; வாசனை உங்களுக்காக.