எட்ஜ் ஏஐ கருவிகளில் பேட்டரி எங்கே கரைகிறது?

சிறிய கருவிகளுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவை ஓட்ட (அதுதான் எட்ஜ் ஏஐ) சிப் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “ஒரு வாட்டுக்கு எத்தனை டாப்ஸ்?” என்றுதான். வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் போட்டால் ஒரு டாப்ஸ். சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் அந்த எண், சிப்பிலுள்ள பெருக்கிகள் எல்லாம் ஒன்றுவிடாமல் வேலை செய்தால் கிடைப்பது. நிஜ ஏஐ மாடல் ஓடும்போது அவை நிறைய நேரம் டேட்டாவுக்காகக் காத்துக்கிடக்கும். அந்த எண்ணை நம்பி பேட்டரி ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்.

செலவு எங்கே என்பதை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இலேயே காட்டிவிட்டார். அவர் 45 நானோமீட்டர் சிப்புக்குத் தந்த கணக்கில், இரண்டு 8 பிட் முழு எண்களைப் பெருக்க 0.2 பிகோஜூல் ஆற்றல் (ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோஜூல்). 32 பிட் தசம எண்கள் என்றால் 3.7. சிப்புக்குள் இருக்கும் 8 கிலோபைட் மெமரியிலிருந்து 64 பிட் எடுக்க 10. அதையே சிப்புக்கு வெளியே உள்ள பெரிய மெமரியான டிரேமிலிருந்து எடுத்தால் 1300 முதல் 2600 வரை! இன்றைய சிப்புகளில் இந்த எண்கள் இறங்கியிருக்கும். டிரேமுக்குப் போய்வருவதுதான் பெருஞ்செலவு என்பது மட்டும் மாறவில்லை.

அதனால்தான் மாடலை 32 பிட்டிலிருந்து 8 பிட்டுக்குச் சுருக்கச் சொல்கிறோம். பெருக்கல் மலிவாவதோடு, எடைகள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) பிடிக்கும் இடமும் கால்வாசியாகி, மொத்த மாடலும் சிப்புக்குள்ளேயே அடங்க வழி பிறக்கிறது. ஒருமுறை எடுத்த எடையை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை பயன்படுத்திவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். ஏஐ கணக்குகளுக்கென்றே செய்யும் சுற்றான ஆக்சிலரேட்டரின் நல்ல வடிவமைப்பில் பாதி உழைப்பு இதற்கே போகிறது.

சரி, இப்போது ஒரு காசு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். சிஆர்2032-இல் சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி, 3 வோல்ட். அதாவது ஏறக்குறைய 2400 ஜூல். ஒரு வருடம் ஓட வேண்டுமென்றால் சராசரியாக 25 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. குரல் கட்டளையை அடையாளம் காணும் மாடல் 10 மில்லிவாட்டில் 20 மில்லிவினாடி ஓடுகிறது என்று வையுங்கள். ஒருமுறைக்கு 200 மைக்ரோஜூல். வினாடிக்கு ஒருமுறை ஓட்டினால், வேறு எந்தச் செலவும் இல்லாமலே ஐந்து மாதத்துக்குள் பேட்டரி காலி. ஆகவே, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் குட்டிச் சுற்று ஒன்று எப்போதும் விழித்திருக்கட்டும். அது எழுப்பினால் மட்டும் மாடல் ஓடட்டும்.

அப்புறம் தூங்கும் நேரத்துச் செலவு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சிப்பின் ஒரு காலை பேட்டரி வோல்டேஜோடு இணைக்கும் 100 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் ஒன்று. தூக்கத்தில் அந்தக் கால் பூஜ்ய வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் 3 வோல்ட்டில் 30 மைக்ரோ ஆம்பியர் வீண். ஒரு வருடத்துக்கான மொத்த பட்ஜெட்டையும் அது ஒன்றே தாண்டிவிட்டது. வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்னோட்டம், மெமரியில் வேலையே இல்லாதபோதும் கசியும் மின்னோட்டம் (லீக்கேஜ்) எல்லாம் இதற்கு மேல்.

வோல்டேஜைக் குறைப்பது நல்ல வழி. 1 வோல்ட்டிலிருந்து 0.7-க்கு இறக்கினால், கணக்குப் போட ஆகும் ஆற்றல் சுமார் பாதியாகும். ஆனால் சிப் மெதுவாக ஓடும். ஓடும் நேரம் நீள நீள லீக்கேஜில் போகும் ஆற்றலும் கூடும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் நஷ்டம்தான்.

முதியவர் இடுப்பில் கட்டியிருக்கும் சென்சார், அவர் கீழே விழும் நேரத்தில் செத்துக் கிடந்தால் அதிலுள்ள மாடல் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்? எனவே சிப் விற்பவரிடம் கேளுங்கள்: என் மாடலை ஒருமுறை ஓட்ட, விழிப்பதற்கும் எடைகளை எடுப்பதற்கும் சேர்த்து எத்தனை மைக்ரோஜூல்? மெமரி அழியாமல் தூங்கும்போது எவ்வளவு மின்னோட்டம்? எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள்? லீக்கேஜ் சூட்டோடு சேர்ந்து மடமடவென ஏறும். வெயிலில் 60 டிகிரி தொடும் பெட்டிக்குள் போகப்போகும் சிப்புக்கு, 25 டிகிரியில் எடுத்த அளவை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.