கத்தி அழுதா மட்டும் பாரம் இறங்கிடுமா?

வாட்ஸப்ல இப்ப ஒரு மாதிரி போஸ்டர் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டு நாள் முகாம், தலகாணிய அடிக்கலாம், தொண்டை கிழிய கத்தலாம், சின்ன வயசுலேர்ந்து அமுக்கி வச்சதெல்லாம் வெளிய வந்துரும்னு. மலேசியாவுல சுங்கை சிப்புட்ங்கற ஊர்ல நான் கவுன்சலிங் பண்றேன், வர்றவங்க போன காட்டி "இதுக்கு போகலாமா டீச்சர்?"னு கேக்கறாங்க (இங்க ஊசி போட்டா டாக்டர், போடலைன்னா டீச்சர்தான்). அதான் எழுதறேன்.

இந்த வைத்தியம் ஒண்ணும் புதுசில்ல. வியன்னாவுல ப்ராயர், ஃப்ராய்டுன்னு ரெண்டு டாக்டருங்க 1895லயே, அடக்கி வச்ச உணர்ச்சிய வெளிய விட்டா நோய் கொறையுதுன்னு எழுதிட்டாங்க. 1970ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆர்தர் ஜேனவ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், குழந்தையில பட்ட வலிய வீறிட்டு கத்தித்தான் தீக்கணும்னாரு, பீட்டில்ஸ் இசைக்குழு பாடகர் ஜான் லென்னனும் அவர்ட்ட போனதால உலகம் பூரா பேர் வாங்கிச்சு. கத்தறதால குணமாகுதுன்னு உருப்படியான ஆதாரம்தான் வரல. 2002ல பிராட் புஷ்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் பாத்தாரு, கோவப்படுத்தின ஆள நெனச்சுக்கிட்டே பஞ்சிங் பேக்க குத்தினவங்களுக்கு கோவம் இறங்கல, சும்மா உக்காந்திருந்தவங்கள விட ஜாஸ்திதான் ஆச்சு.

அதுக்காக அடக்கி வைங்கன்னு சொல்ல வரல. தோட்டத்துல லயத்து வீட்டுல (வேலக்காரங்களுக்கு வரிசையா கட்டின வீடு) சாவு விழுந்தா பொம்பளைங்க வட்டமா உக்காந்து கட்டிப் பிடிச்சு ஒப்பாரி வைப்பாங்க, அதுல செத்தவர மட்டுமா பாடுவாங்க, மாமியா கொடும, புருஷன் குடி, கிராணி (தோட்டத்து கணக்கர்) பேசின பேச்சு எல்லாம் வந்துரும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மாரியம்மன் திருவிழாவுல சாமி வந்து ஆடறவங்களயும் பாருங்க, பின்னாடி ரெண்டு பேர் பிடிச்சுக்குவாங்க, பூசாரி திருநீறு போட்டு இறக்குவாரு, தண்ணி குடுத்து உக்கார வச்சு, சுயநினைவு வந்த பிறகுதான் விடுவாங்க. படிச்சவங்க சிலர் இத மூடநம்பிக்கைன்னு சிரிக்கறாங்க, எனக்கு அப்படி தோணல. ஏத்தி விடறதுக்கு ஆள் இருந்த மாதிரி இறக்கி விடறதுக்கும் ஆள் இருந்துச்சு. முகாம்ல அந்த ரெண்டாவது ஆள்தான் இல்ல, ஞாயித்துக்கிழம சாயங்காலம் சர்டிபிகேட் குடுத்து பஸ் ஏத்திடறாங்க.

என்கிட்ட வந்த ஒருத்தர், அடையாளம் தெரியாம மாத்தித்தான் சொல்றேன், செம்பனை (பாம் ஆயில் மரம்) பழ லாரி ஓட்டறவரு, நாப்பது தாண்டிருச்சு. நெஞ்ச அடைக்குதுன்னு கிளினிக் கிளினிக்கா போயி, ஈசிஜி எல்லாம் நார்மல்னு சொன்ன பிறகுதான் வந்தாரு. அவங்கப்பா ரப்பர் தோட்டத்துல மரம் சீவி பால் எடுத்தவரு, தண்ணி போட்டுட்டு வந்தா பெல்ட்டத்தான் எடுப்பாராம். அப்பா சாவுல இவருக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. நான் காலி நாற்காலி முறைய எடுத்தேன், மொரேனோங்கற மனநல டாக்டரோட சைக்கோடிராமாலேர்ந்து (மனசுல இருக்கறத நடிச்சு பாக்கற சிகிச்சை) வந்தது, ஃப்ரிட்ஸ் பேர்ல்ஸ்னு இன்னொரு மனநல டாக்டர் பிரபலமாக்கினது, எதிர்ல ஒரு காலி நாற்காலிய போட்டு அதுல அந்த ஆள் இருக்கறதா நெனச்சு பேசணும். நாற்காலிய போட்டதும் மனுஷன் எந்திரிச்சு நின்னுட்டாரு. அப்பா முன்னாடி உக்காந்தே பழக்கம் இல்லையாம், அப்பறம் எங்க திட்டறது?

அப்பறம் அடி விழறப்ப வந்து தடுக்கற சித்தப்பா ஒருத்தர் இருந்தாருன்னு பேச்சுவாக்குல சொன்னாரு. அவருக்கும் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டேன், அப்பாகிட்ட வேணாம், சித்தப்பாகிட்ட சொல்லுங்கன்னேன். "சித்தப்பா, உங்கண்ணன் என்ன அடிச்சது கூட போவட்டும், அம்மாவ எதுக்கு அடிச்சாரு, கேட்டு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சவரு அன்னிக்கு ரொம்ப நேரம் அழுதாரு. முகாமா இருந்தா அதோட கைதட்டி முடிச்சிருப்பாங்க, எங்களுக்கு வேலையே அதுக்கப்பறம்தான். ஒரு நாள் அப்பா நாற்காலியில இவரையே உக்கார வச்சு, அவரா பதில் சொல்ல சொன்னேன், வேல பாத்த தோட்டத்த வித்துட்டது, வேல போனது, கடன் எல்லாம் வந்துச்சு. அப்பாவ மன்னிச்சாரான்னு நான் கேக்கல, கேக்கறதும் என் வேல இல்ல. இவரு தன் மகன் மேல கை ஓங்கற பழக்கத்தத்தான் அதிகமா பேசினோம். நெஞ்சடைப்பு மொத்தமா போகல, கொறஞ்சிருக்கு.

ஆள் முன்னாடி பேச கூச்சமா இருந்தா எழுதலாம். பென்னபேக்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1986ல வெளியிட்ட ஆய்வுல, மனச அழுத்தற விஷயத்த ஒரு நாளைக்கு 15 நிமிஷம்னு 4 நாள் எழுதினவங்க பின்னால டாக்டர்ட்ட போறது கொறஞ்சிருக்கு. எழுதின அன்னிக்கு மனசு கூடுதலா கனக்கும், அதுக்கு பயந்துடாதீங்க, பேப்பர பிறகு கிழிச்சு போட்டாலும் போட்டுக்குங்க.

எங்க போனாலும் சிகிச்சை குடுக்கறவங்க லைசன்ஸ கேளுங்க. மலேசியாவுல 1998 கவுன்சலர் சட்டப்படி கவுன்சலரா இருக்கறவங்க லெம்பாகா கவுன்சலர்ல (அரசாங்கத்தோட கவுன்சலர் வாரியம்) பதிஞ்சிருக்கணும், கேட்டா கோவப்படறவங்ககிட்ட போகவே வேணாம். "உனக்கு சின்ன வயசுல என்னமோ நடந்திருக்கு, நீ மறந்துட்ட"ன்னு அவங்களே எடுத்துக் குடுத்தா எந்திரிச்சு வந்துருங்க, நடக்காதத நடந்ததா மனசுல நட்டு வைக்க முடியும், எலிசபெத் லோஃப்டஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் அத ஆராய்ச்சியிலயே காட்டியிருக்காங்க. இருதய நோய், வலிப்பு இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, முகாம்ல வேகமா மூச்சு விட வைக்கற பயிற்சி இருந்தா டாக்டர கேக்காம போகாதீங்க. செத்துரலாம்னு தோணுதுன்னா முகாம், நாற்காலி எதுவும் அப்ப வேணாம், மலேசியாவுல மனக்கஷ்டத்துக்கு உதவற ஹீல் லைன் 15555க்கு இல்ல பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929க்கு போன் அடிங்க, பிஃப்ரெண்டர்ஸ்ல நடுராத்திரி கூட எடுப்பாங்க.